6.6 கோடி ஆண்டு பழைய கல், ஒரே மழையில் பெயர்ந்து போவது ஏன்? ரப்பர் கலந்த தார் புனே ரோடுகளைக் காப்பாற்றுமா?

ஜூலை மாதம். காலை ஒன்பது மணி. வானவடியில் வீடு, மகர்பட்டாவிலோ கராடியிலோ ஆபீஸ். ரெயின்கோட் மாட்டிக்கொண்டு டூவீலரை எடுக்கிறீர்கள். ஃபாத்திமா நகர் சிக்னல் வருவதற்குள் கண் எங்கே இருக்கும்? முன்னால் போகிற வண்டி மேல் இல்லை, ரோட்டின் மேல்தான். எந்தத் தண்ணீர் தேங்கல் வெறும் தேங்கல், எதுக்கு அடியில் ஒரு அடிப் பள்ளம் என்று ஊகிப்பதே புனேயில் ஒரு தனித் திறமை. மராத்தியில் அதற்குப் பெயர் 'கட்டா'. புனேக்கு வந்த தமிழர்கள் 'பாணி'க்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்ளும் மராத்திச் சொல் அநேகமாக இதுதான்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. புனே ரோடுகளில் கொட்டப்படும் கருங்கல் சாதாரணக் கல் இல்லை. அது தக்காண பீடபூமியின் பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்களின் கடைசிக் காலத்தில், பூமிக்குள்ளிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு இறுகி உருவான பாறை. கோடிக்கணக்கான மழைக்காலங்களைப் பார்த்த கல். அதே கல்லை ஜல்லியாக உடைத்து ரோடு போட்டால், ஒரே மழைக்காலத்தில் ஏன் பெயர்ந்து வருகிறது?

கல் உடைவதில்லை. பள்ளத்தின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் ஜல்லியை எடுத்துப் பாருங்கள், முழுசாக இருக்கும். தோற்றது கல் அல்ல, கல்லைப் பிடித்துக்கொண்டிருந்த பசை. அந்தப் பசையில் ரப்பர் கலந்தால் என்ன ஆகும், அது மட்டும் போதுமா என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

இது வெறும் முதுகுவலிப் பிரச்னை இல்லை. 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் இறந்ததை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, இதை ஏற்க முடியாது என்றது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் மட்டும் பள்ளங்களால் 4,446 விபத்துகள், 1,856 மரணங்கள்.

ரோடும் கடலை மிட்டாயும்

தார் ரோடு என்றதும் தார்தான் அதிகம் என்று நினைப்போம். உண்மை தலைகீழ். எடைக் கணக்கில் பார்த்தால் மேல்தளக் கலவையில் ஏறத்தாழ 95 சதவீதம் ஜல்லியும் கிரஷர் தூளும்தான். தார் சுமார் 5 சதவீதம்.

கோவில்பட்டி கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி கடலை. அதைச் சுற்றி மெல்லிய வெல்லப்பாகு. ஆனால் மிட்டாயின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது பாகுதான். பதம் முந்தினால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். பதம் தப்பி முறுகினால் கடித்ததும் உதிரும். பாகு ஆறிய பிறகு கடலையைக் கொட்டினால் உருண்டையே பிடிக்காது. எல்லாம் சரியாகச் செய்தும், மழைக்காலத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்துவிட்டால் நமுத்துப் போகும்.

ரோட்டுக்கும் இந்த நான்கு வியாதிகளும் உண்டு: இளகுதல், முறுகி விரிசல் விடுதல், ஆறிய கலவையைக் கொட்டுவது, ஈரம். அறிவியல் மொழியில் ரோடு என்பது ஒரு கூட்டுப்பொருள். கனிமத் துகள்களை ஒரு நெகிழும் பசை பிடித்து வைத்திருக்கும் பொருள். ஒவ்வொரு ஜல்லியையும் சுற்றியிருக்கும் தார்ப்படலம் சுமார் 6 முதல் 10 மைக்ரான்தான், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பிஎம்பிஎம்எல் பஸ்ஸும் தண்ணி லாரியும் அந்தப் படலத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

ஒரு சின்னத் திருத்தம். பேச்சுவழக்கில் 'தார்' என்கிறோம். நிலக்கரியிலிருந்து வருவதுதான் உண்மையில் தார். இன்றைக்கு ரோட்டில் ஊற்றுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் மிஞ்சும் பிட்டுமென். ஊர்ப்பழக்கத்தை மாற்ற வேண்டாம், இங்கேயும் தார் என்றே வைத்துக்கொள்வோம்.

தார் திடமா, திரவமா?

இரண்டும்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். தாரைப் போன்ற கீல் என்ற பொருளை ஒரு புனலில் வைத்துவிட்டு, அது சொட்டுகிறதா என்று காத்திருந்தார்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் அந்தப் பொருள், 2014 வரை ஒன்பது சொட்டு சொட்டியிருக்கிறது. கிட்டத்தட்ட பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு.

தாரும் இதே குணம் கொண்டது. வேகமாக அடித்தால் திடப்பொருள் போல எதிர்க்கும். மெதுவாக, நீண்ட நேரம் அழுத்தினால் திரவம் போல விலகிப் போகும். அதனால்தான் வண்டிகள் வேகமாகப் போகும் நெடுஞ்சாலையைவிட, பஸ் ஸ்டாப்பிலும் சிக்னலிலும் சக்கரத் தடம் பள்ளமாக விழுகிறது. பஸ் அங்கே நிற்கிறது, ரோடு அடியில் நகர்கிறது.

இதோடு வெப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள். மே மாத வெயிலில் கறுப்பு ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடும். அதனால்தான் இந்தியத் தரநிலையில் தாரின் பிசுபிசுப்பை 60 டிகிரியில் அளந்து வகை பிரிக்கிறார்கள். விஜி-10, விஜி-30, விஜி-40 என்பவை அந்த வகைகள். எண் கூடக் கூட தார் கெட்டி. இந்தியாவின் பெரும்பாலான ரோடுகளுக்கு விஜி-30. வெயிலும் லாரியும் அதிகமான இடங்களுக்கு விஜி-40.

அப்போ எல்லா இடத்திலும் கெட்டித் தாரையே போட்டுவிடலாமே? முடியாது. கெட்டித் தார் கோடையில் இளகாது, சரி. ஆனால் குளிரிலும் வயதான பிறகும் சீக்கிரம் விரிசல் விடும். தார் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வருஷா வருஷம் முறுகிக்கொண்டே போகும் பொருள். புது ரோடு கன்னங்கரேல் என்றும், பழைய ரோடு சாம்பல் நிறத்திலும் இருப்பதற்கு இந்த முதுமையும் ஒரு காரணம். வெயிலில் இளகக் கூடாது, குளிரில் முறுகக் கூடாது. வெறும் தாரால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடிவதில்லை. ரப்பர் உள்ளே வருவது இங்கேதான்.

ரப்பர் உள்ளே போய் என்ன செய்கிறது?

1960-களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்லஸ் மெக்டொனால்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய டயர்களை அரைத்த தூளைச் சூடான தாரில் போட்டுக் கிளறி, அந்தக் கலவையால் விரிசல்விட்ட ரோடுகளுக்கு ஒட்டுப் போட்டார். பாலைவன வெயிலிலும் அந்த ஒட்டு தாக்குப்பிடித்தது. இன்று அமெரிக்கத் தரநிலைப்படி அந்த வகைக் கலவைக்கு 'ரப்பர் தார்' என்று பெயர் வைக்க வேண்டுமானால், அதில் குறைந்தது 15 சதவீதம் ரப்பர் இருக்க வேண்டும்.

டயர்த் தூள் தாரில் கரைவதில்லை. டயர் செய்யும்போதே கந்தகம் சேர்த்து அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறார்கள். அதனால் அது சூட்டில் உருகாமல், தாரில் இருக்கும் லேசான எண்ணெய்களைக் குடித்து ஊதுகிறது. பாயசத்தில் ஜவ்வரிசி ஊதுகிற மாதிரி. ஜவ்வரிசி ஊத ஊத பால் கெட்டியாவது போல, ரப்பர் ஊத ஊத தார் கெட்டியாகிறது. ஜவ்வரிசியின் கெட்ட குணமும் இதற்கு உண்டு. கிளறாமல் விட்டால் அடியில் தங்கிவிடும். டேங்கரில் ரப்பர் தாரைக் கிளறாமல் வைத்தால், மேலே வெறும் தார், கீழே ரப்பர் குழம்பு. எந்த ரோட்டுக்கு எது போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு வழி, எஸ்.பி.எஸ். என்ற செயற்கை ரப்பர். இதன் ஒவ்வொரு இழையிலும் நடுப்பகுதி மென்மையான ரப்பர், இரு முனைகளும் கெட்டியான பிளாஸ்டிக். தாரில் கரைந்து ஆறியதும் அந்தக் கெட்டி முனைகள் ஒன்றோடொன்று கூடி முடிச்சுகளாகின்றன. முடிச்சு போட்ட மீன்வலை ஒன்று தாருக்குள் விரிந்தது போல. சுமார் 100 டிகிரிக்கு மேல் முடிச்சுகள் அவிழும், தார் ஓடும், கலக்கலாம், பரப்பலாம். ஆறினால் மறுபடி முடிச்சு விழும். லாரி ஏறினால் வலை இழுபடுகிறது, இறங்கினால் பழையபடி சுருங்குகிறது. வெறும் தார் போல அப்படியே நகர்ந்துவிடுவதில்லை.

இந்தியாவிலும் இரண்டு வகைக்கும் தரநிலைகள் உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தனியாக வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. கேரளத்தில், கோட்டயத்தில் தலைமையகம் உள்ள ரப்பர் வாரியம் இயற்கை ரப்பர் கலந்த ரோடுகளை ஊக்குவித்தது.

மதுரையிலிருந்து வந்த பிளாஸ்டிக் வழி

தமிழ் வாசகர்களுக்குப் பரிச்சயமான ஒரு பெயர் இங்கே வருகிறது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். மற்றவர்கள் தாருக்குள் எதைக் கலப்பது என்று யோசித்தபோது, இவர் கல்லின் மேல் எதைப் பூசுவது என்று யோசித்தார்.

முறை எளிமையானது. ஜல்லியை சுமார் 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்க வேண்டும். துண்டு துண்டாக வெட்டிய கேரி பேக் போன்ற பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவ வேண்டும். அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய சட்டையாகப் படியும். அதற்குப் பிறகுதான் தார். கல்லின் நுண்ணிய துளைகள் அடைபடுவதால் தண்ணீர் உள்ளே போவது குறைகிறது. தாரும் சட்டையும் ஒரே எண்ணெய்க் குடும்பம் என்பதால் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. தாரிலும் கொஞ்சம் மிச்சம். 2002-ல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் இந்த முறையில் ரோடு போடப்பட்டது. 2013-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கும் தனி வழிகாட்டி வெளியிட்டது. ரோடு தேயும்போது பிளாஸ்டிக் நுண்துகள்கள் மண்ணில் சேருமா என்ற கேள்வியை இன்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள், அதுவும் நியாயமான கேள்விதான்.

வாசுதேவன் முறை நமக்குக் காட்டும் விஷயம் இதுதான்: சண்டை நடக்கும் இடம் கல்லுமல்ல, தாருமல்ல. இரண்டும் தொட்டுக்கொள்ளும் அந்த ஒட்டு.

உண்மையான வில்லன் யார்?

தண்ணீர்.

கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல்தான் பிரியம். எந்தக் கல் என்பதைப் பொறுத்து அந்தப் பிரியம் மாறும். கிரானைட் போல சிலிக்கா அதிகமுள்ள கற்கள் தண்ணீரைச் சட்டென்று ஏற்றுக்கொண்டு தாரைக் கைவிடும். சிலிக்கா குறைவான பசால்ட் அதைவிடத் தாரை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் புனேக்கு இயற்கை கொடுத்த கல் நல்ல கல். குறை சொல்ல முடியாது.

ஆனால் நல்ல கல்லாக இருந்தாலும் தண்ணீர் தேங்கி நின்றால் இப்படித்தான் நடக்கும். முதலில் ஒரு மயிரிழை விரிசல். மழைத் தண்ணீர் அதில் இறங்குகிறது. அதன் மேல் ஒரு டயர் ஏறுகிறது. சிக்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, அழுத்தம் எகிறுகிறது. டயர் நகர்ந்ததும் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்படுகிறது. சைக்கிள் பம்ப் அடிப்பது போல ஒரு நாளைக்குப் பல்லாயிரம் தடவை. ஒவ்வொரு அடியிலும் தார்ப்படலம் கல்லைவிட்டுக் கொஞ்சம் கழன்றுகொள்கிறது. கூடவே அடித்தளத்து மண்ணும் குழைகிறது. தாங்க ஆள் இல்லாத மேல்தளம் உடைகிறது, உடைந்த துண்டைச் சக்கரங்கள் வெளியே வாரிப்போடுகின்றன. வெள்ளிக்கிழமை விரிசலாக இருந்தது திங்கட்கிழமை பள்ளமாகிவிடுகிறது.

எடை கூடக் கூட இந்தச் சேதம் நேர்விகிதத்தில் கூடுவதில்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையில் கிடைத்த தோராய விதி இது: அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. அதாவது ரோட்டை உடைப்பது உங்கள் ஸ்கூட்டர் இல்லை. பள்ளத்தில் விழுவது மட்டும்தான் உங்கள் ஸ்கூட்டர்.

இதற்கு மருந்துகள் உண்டு. கலவையில் 2 சதவீதம் அளவுக்குச் சுண்ணாம்புத் தூள் சேர்த்தால் ஒட்டு பலப்படும். கலவையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊறாத கலவையோடு பலத்தை ஒப்பிடும் சோதனையும் இருக்கிறது. குறைந்தது 80 சதவீதப் பலம் மிஞ்ச வேண்டும் என்பது விதி. ஆனால் மிக மலிவான, மிகப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. ரோட்டின் நடுவை உயர்த்தி, ஓரத்தைச் சரித்து, சாக்கடையைத் திறந்துவைப்பது. தண்ணீர் நிற்கவே இல்லை என்றால் பாதிச் சண்டை முடிந்தது.

புனேயிலேயே ஒரு பங்காளி

துகள்களை ரப்பர் பசையால் பிடித்து வைப்பது என்ற இதே யோசனைக்குப் புனேயிலேயே ஒரு பங்காளி உண்டு, நகரத்தின் மறு கோடியில். பாஷாண் அருகே சுதார்வாடியில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ.வின் எச்.இ.எம்.ஆர்.எல். ஆய்வகம் ராக்கெட், ஏவுகணைகளுக்கான எரிபொருள்களில் வேலை செய்கிறது. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. முதல் நிலையில் நிரப்பப்படும் திட எரிபொருளும் உப்புப் படிகங்களையும் உலோகத் தூளையும் எச்.டி.பி.பி. என்ற ரப்பர் பிடித்து வைத்திருக்கும் ஒரு கூட்டுப்பொருள்தான்.

அங்கேயும் இதே கவலை. துகளிலிருந்து பசை கழன்றால், உள்ளே விரிசலோ காற்றுக் குமிழியோ இருந்தால், மொத்த ராக்கெட்டும் போய்விடும். அதனால் நிரப்பிய மோட்டாரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்கிறார்கள். ரோட்டை யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. ஜூன் மாதம்தான் அதன் எக்ஸ்ரே. ரிப்போர்ட் வரும்போது நாம் அதன் மேல் வண்டி ஓட்டிக்கொண்டிருப்போம்.

அப்படின்னா ரப்பர் கலந்தா போதுமா?

போதாது. சொல்லப்போனால், பசை உயர்ந்ததாக ஆக ஆக அது அவசர வேலையை மன்னிப்பது குறைகிறது.

சாதாரண விஜி-30 கலவையை சுமார் 150 முதல் 165 டிகிரியில் தயாரிக்கிறார்கள். ரோலர் ஓட்டும் வேலை, சூடு 90–100 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் முடிய வேண்டும். ரப்பர் அல்லது பாலிமர் கலந்த தார் இன்னும் கெட்டி என்பதால் அதற்கு இன்னும் 10, 20 டிகிரி கூடுதல் சூடு வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள ஹாட்மிக்ஸ் பிளான்ட்டிலிருந்து கிளம்பிய டிப்பர் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்தால்? தார்பாய் போடாமல் வந்தால்? தூறலில் இரவோடு இரவாகக் கொட்டினால்? பாகு ஆறிய பிறகு கடலையைக் கொட்டிய கதைதான்.

ஆறிய கலவை சரியாக இறுகாது, உள்ளே காற்று இடைவெளி மிஞ்சும். வடிவமைப்பில் 3 முதல் 5 சதவீத இடைவெளி இருக்க வேண்டும், அது தேவை. ஆனால் இடைவெளி சுமார் 8 சதவீதத்தைத் தாண்டினால் தனித்தனியாக இருந்த ஓட்டைகள் ஒன்றோடொன்று இணைந்து குழாய்களாகிவிடும். அப்புறம் மேலிருந்து பார்த்தால் ரோடு, உள்ளே பார்த்தால் ஸ்பாஞ்ச். அதில் உலகத்தின் சிறந்த ரப்பரைக் கலந்திருந்தாலும் தண்ணீருக்கு வழி திறந்துதான் இருக்கிறது.

மழைக்கால பேட்ச் வொர்க் தோற்பதற்கும் காரணம் இதுதான். முறைப்படி செய்தால் பள்ளத்தைச் சதுரமாக வெட்ட வேண்டும். உதிரியை வாரி, தண்ணீரை வெளியேற்றி, உலர்த்தி, அடியிலும் சுவரிலும் மெல்லிய தார்ப்பூச்சு அடிக்க வேண்டும். அதன் பிறகு கலவை, அதன் பிறகு ரோலர், கடைசியில் ஓரத்தை அடைப்பது. தண்ணீர் நிற்கும் குழியில் ஒரு கூடை கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால், கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீரை நாமே வைத்து மூடுகிறோம் என்று அர்த்தம். ஒரு வாரம் தாங்கினாலே அதிர்ஷ்டம்.

ரப்பர் இல்லாமலே ஜெயித்த ரோடு

'இந்த மழைக்கு எந்த ரோடும் தாங்காது' என்று யாராவது சொன்னால், புனேக்காரர்கள் கைநீட்டிக் காட்டும் ரோடு ஒன்று உண்டு. ஜங்லி மகாராஜ் ரோடு, சுருக்கமாக ஜே.எம். ரோடு.

1970-களின் தொடக்கத்தில் மழையால் புனே ரோடுகள் மோசமாகச் சிதைந்தன. அப்போது மாநகராட்சி நிலைக்குழுத் தலைவராக இருந்தவர் இருபதுகளில் இருந்த ஸ்ரீகாந்த் ஷிரோலே. மும்பையில் இதைவிட அதிக மழை பெய்தும் சில ரோடுகள் நன்றாக இருக்கின்றனவே, எப்படி என்று விசாரித்தார். பார்சி சகோதரர்கள் நடத்திவந்த ரெகாண்டோ என்ற நிறுவனத்தின் பெயர் கிடைத்தது. ஜே.எம். ரோட்டை அவர்களிடம் கொடுத்தார்கள். செலவு சுமார் 15 லட்சம் ரூபாய். நிபந்தனை ஒன்று: பத்து ஆண்டு உத்தரவாதம். அதற்குள் பள்ளம் விழுந்தால் நிறுவனமே சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். ஹாட்மிக்ஸ் முறையில் போட்ட ரோடு 1976 ஜனவரி 1-ல் தயாரானது.

பத்து ஆண்டு போனது. இருபது போனது. உத்தரவாதம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் பள்ளமில்லாத ரோடு என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அதன் பிறகு அந்த நிறுவனத்துக்கு இந்த ஊரில் வேறு ரோடு வேலை கிடைக்கவில்லை என்பது புனேயில் பலரும் கசப்போடு சொல்லும் கதை.

அதே பசால்ட், அதே மழை, அதே ஊர். பாலிமர் தார் இந்தியாவில் பரவலாவதற்கு முன்பே போட்ட ரோடு. வித்தியாசம் என்ன? சூடான கலவையும் ஒழுங்கான வேலையும் ஒரு பக்கம். மறு பக்கம், பள்ளம் விழுந்தால் யார் பாக்கெட்டிலிருந்து காசு போகும் என்பது முதல் நாளே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

ரப்பர் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். 1976-ல் இருந்த வண்டிகளும் எடையும் வேறு, இன்று வேறு. பஸ் நிற்கும் இடங்கள், சிக்னல்கள், கனரக வண்டி ஓடும் ரோடுகளுக்கு ரப்பரும் பாலிமரும் உண்மையிலேயே உதவும், கூடுதல் செலவுக்கு நியாயமும் உண்டு. ஆனால் நல்ல வேலையை ரப்பர் பல ஆண்டு நீட்டிக்கும், மோசமான வேலையைச் சில மாதம்கூட காப்பாற்றாது.

நீங்க என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ரோடு ஒப்பந்தத்திலும் 'குறை பொறுப்புக் காலம்' என்று ஒன்று இருக்கும். அந்தக் காலத்துக்குள் ரோடு கெட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிரச்னை என்னவென்றால், உங்கள் தெருவுக்கு அது எப்போது முடிகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மகாராஷ்டிராவில் ஒரு மனுவில் ஒரு விஷயம், 150 சொற்களுக்குள் என்ற கட்டுப்பாடு உண்டு. அதனால் சுருக்கமாக மூன்று கேள்வி போதும். ஒன்று, இந்த ரோட்டின் குறை பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது? இரண்டு, எந்த வகைத் தார் போடப்பட்டது? மூன்று, ரோட்டைத் துளைத்து எடுத்த மாதிரியின் அடர்த்திச் சோதனை அறிக்கை நகல் வேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். உள்ளே எவ்வளவு ஸ்பாஞ்ச், எவ்வளவு ரோடு என்று அதில் தெரிந்துவிடும். மராத்தி எழுத வராவிட்டால் ஆங்கிலத்திலேயே கேட்கலாம்.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், மகாராஷ்டிராவில் பள்ளத்தாலோ திறந்த சாக்கடைக் குழியாலோ ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயமடைந்தால் காயத்தைப் பொறுத்து 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ அப்படி நேர்ந்தால், பள்ளத்தின் போட்டோவை இடம், தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கீழே விழுந்தார்' என்று மட்டும் எழுத விடாதீர்கள், பள்ளத்தில் விழுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். போலீசிலும் அப்படியே பதிவு செய்யுங்கள். எந்தப் பள்ளம் என்று காகிதத்தில் இல்லாவிட்டால், அந்த 1,856 போன்ற கணக்குகளில்கூட அந்த விபத்து சேராது.

நாளைக் காலையும் வானவடியிலிருந்து ஆபீஸுக்குப் போக வேண்டும். வழியில் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் ஜல்லி கண்ணில் படும். 6.6 கோடி ஆண்டு தாங்கிய கல் அது. அதைப் பார்த்து 'என்ன மழை' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'இதுக்கு உத்தரவாதம் எந்தத் தேதி வரைக்கும்?' என்று கேட்கப் பழகலாம். அதுவரை, தண்ணீர் தேங்கிய இடத்தில் மட்டும் வண்டியை மெதுவாக விடுங்கள்.